மின்தடை நாள் கச்சேரி

எங்கள் பாட்டுக் குழுவில் யாருக்கு எவ்வளவு சர்க்கரை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். யாருக்குச் சுருதி நிற்காது என்பது ஊருக்கே தெரியும். நான் சங்கரன்கோவிலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். வாரம் முழுக்க ஊர்க்காரர்களை ஊசியால் குத்துவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்களில் சிலரோடு சேர்ந்து பாடுவேன். இரண்டு இடத்திலும் அவர்கள் முகம் ஒரே மாதிரிதான் இருக்கும்.

குழுவைத் தொடங்கியவர் ஊருக்கு மாற்றலாகி வந்த ஒரு வங்கி மேலாளர். தூத்துக்குடிக்காரர், சின்ன வயதிலிருந்து சர்ச்சில் பாடி வளர்ந்தவர். ஒரே பாட்டை நாலு குரலாகப் பிரித்துப் பாடுவதுதான் அவருக்குப் பாட்டு. "நாலு பேரு நாலு பாதையில போயி, கடைசில ஒரே எடத்துல வந்து சந்திக்கணும். அவ்வளவுதான்" என்று விளக்கினார். நாலு பாதையில் போவதை நாங்கள் முதல் வாரமே கற்றுக்கொண்டோம். சந்திப்பதுதான் இன்றுவரை இழுபறி.

சர்ச்சுக்காரர்கள் கொஞ்சம், பஜனைக்காரர்கள் கொஞ்சம், பொழுது போகாதவர்கள் நிறைய என்று பத்துப் பதினோரு பேர் சேர்ந்தோம். உச்சக் குரலுக்கு ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர் ஒருவர். அவர் மேலே போய்விட்டால் இறக்கிக் கொண்டுவருவது பெரும்பாடு. ஆண்களில் மேல்குரலுக்குக் கடையநல்லூரிலிருந்து பைக்கில் வருகிற செல்போன் கடைத் தம்பி. பெண்களில் கீழ்க்குரலுக்கு நான். டீச்சருக்குக் கீழே எங்கேயாவது நிற்கிறவள் என்று பொருள். எல்லாருக்கும் அடியில், பாட்டின் அஸ்திவாரமாக, ஒரே ஒரு கட்டைக் குரல். அது அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சிக்குச் சொந்தமாக விசைத்தறிக் கூடம் இருந்தது. அதன் மாடி அறையை எங்களுக்குப் பயிற்சிக்காக விட்டுக்கொடுத்திருந்தார். கீழே தறிகள் ஓடும், மேலே நாங்கள் ஓடுவோம். அந்தத் தெரு முழுக்கத் தறிதான். பகலென்றும் ராத்திரியென்றும் பார்க்காமல் கடக் கடக் கடக் கடக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். வெளியூர்க்காரர்கள் தெருமுனையில் கால் வைத்ததுமே "என்னங்க இந்தச் சத்தம்?" என்று கத்துவார்கள். நாங்கள் "எந்தச் சத்தம்?" என்று கேட்போம். பொய்யாகக் கேட்பதில்லை. எங்களுக்கு உண்மையிலேயே கேட்காது.

அண்ணாச்சி பாட்டில் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த கூத்து எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம். அவர் மனைவியை நாங்கள் மதினி என்போம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மதினி தறிக்கு நடுவிலேயே நின்று வேலை பார்த்தவர். அந்தச் சத்தம் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வார், மீதியைத் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்வார். திருநெல்வேலி டாக்டர் காதுக்கு ஒரு மிஷின் கொடுத்தார். அது தறிச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கியதால் மதினி அதைக் கடுகு டப்பாவில் போட்டு மூடிவிட்டார். மிச்சமிருக்கிற காதும் ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி ஒருநாள் சர்க்கரை பார்க்க வந்தபோது, நான் விரலில் குத்துவதற்கு முன்பே கண் கலங்கியிருந்தார். "நான் பாடுதேம்னு அவளுக்குத் தெரியும் தங்கச்சி. வாய அசைக்கத மாடிப்படியில நின்னு பாத்திருக்கா. ஆனா என் பாட்ட ஒருக்ககூடக் கேட்டதில்ல. அந்தக் காது அடையதுக்குள்ள ஒரே ஒரு வாட்டி அவளுக்குக் கேட்டுரணும்."

"அதுக்கென்ன அண்ணாச்சி, வீட்டுல பாடிக் காட்ட வேண்டியதுதான?"

"ஒத்தையில பாட வெக்கமாருக்கு."

வீட்டில் வெட்கம் மட்டும் பிரச்சினை இல்லை. அவர் தறியை நிறுத்தினால் பக்கத்துத் தறி ஓடும், அது நின்றால் எதிர்த்த தறி ஓடும். வெட்கத்தை விட்டு அமைதியான இடம் தேடி மதினியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். அருவிக்குப் பக்கத்தில் நின்று பாடினார். இதைக் கேள்விப்பட்டு நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ரத்தக் குப்பி விழுந்திருக்கும். அடுத்து கோயிலுக்குக் கூட்டிப்போனார், அங்கே நாதஸ்வரமும் மேளமும். கடைசியாகப் பனவடலிசத்திரம் பக்கம் ஆளில்லாத காட்டில் காரை நிறுத்திப் பார்த்தார். நல்ல அமைதி. அந்த அமைதியில் அவருக்கு வெட்கம் திரும்பி வந்துவிட்டது. "என்ன, பெட்ரோல் தீந்துட்டா?" என்று மதினி கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

ஆகவே எங்கள் குழு ஒழுங்காக ஒரு பாட்டுப் பாட வேண்டும், அந்தக் கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு அவர் பாட வேண்டும், மதினி முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர் ஆசை அவ்வளவுதான். பாட்டுகூட அவரே தேர்ந்தெடுத்துவிட்டார். வங்கி மேலாளர் மாற்றலாகிப் போவதற்கு முன்னால் எங்களுக்காக அமைத்துக் கொடுத்த ஒரு தாலாட்டு அது. மெதுவாகப் பாட வேண்டியது. அதில் கட்டைக் குரலுக்கு மூன்றே மூன்று சுரங்கள், "ஆரோ" என்று ஒரே ஒரு சொல்.

மேலாளர் போனபிறகு முன்னால் நின்று கை காட்ட ஆள் இல்லை. நம்மில் ஒருவர் நின்றால் என்ன என்று கேட்டேன். நம்மில் ஒருவர் என்று நான் சொன்னது என்னைத்தான். "உள்ளூர் மாடு வெல போவாது தங்கச்சி" என்றார் அண்ணாச்சி. எல்லாரும் தலையாட்டினார்கள். மாடு என்றதற்காவது யாராவது ஒருவர் மறுப்புச் சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து வெளியூரிலிருந்து ஆளைக் கூப்பிட ஆரம்பித்தோம். இப்படிக் கை காட்டுகிறவரைக் கண்டக்டர் என்று சொன்னால் ஊரில் எந்த டெப்போ என்று கேட்பார்கள் என்பதால் வந்தவர்களையெல்லாம் 'கெஸ்ட்' என்றே அழைத்தோம்.

முதல் கெஸ்ட் பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஓய்வுபெற்ற இசை ஆசிரியர். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார், சித்திரை மாதத்தில். கையில் ஒரு மெல்லிய குச்சி. அதை அவர் உயர்த்தியதும் எங்களுக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்து எல்லாரும் நிமிர்ந்து நின்றோம். தாலாட்டைத் தொடங்கினார். அவர் குச்சி மெதுவாகத்தான் ஆடியது. நாங்கள்தான் குச்சியை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டோம். நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். மறுபடியும் போய்விட்டோம்.

"எதுக்கு இப்படி ஓடுதிய? பின்னால நாயா தொரத்துது?" என்றார்.

"மெதுவாத்தான சார் பாடுதோம்" என்றார் டீச்சர், மூச்சு வாங்க.

அவர் நாங்கள் குடிக்கிற காபியைக் குறை சொன்னார். ஒரு வாரம் காபி இல்லாமல் பாடினோம். வேகம் அப்படியேதான் இருந்தது, கோபம் மட்டும் கூடியிருந்தது. "இந்தப் பாட்டக் கேட்டா தூங்குத பிள்ள தொட்டில்லேருந்து குதிச்சு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிரும்" என்று சொல்லிவிட்டு அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். குச்சியை மறந்து வைத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி அதைத் தறியில் நூல் சிக்கெடுக்கப் பயன்படுத்திக்கொண்டார்.

இரண்டாவது கெஸ்ட் சென்னையிலிருந்து வந்த பையன். குடுமி போட்டிருந்தான், செருப்பு போட மாட்டான். "அவசரம் உங்க பாட்டுல இல்ல, உங்க வாழ்க்கையில இருக்கு" என்றான். சங்கரன்கோவிலில் எவனுக்கு அவசரம்? எங்களைத் தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, ஆளுக்கொரு புத்தகத்தை வயிற்றில் வைத்து, மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னான். தரை வழியாகத் தறி முதுகில் அடித்தது. எல்லாருடைய வயிற்றுப் புத்தகங்களும் ஒன்றாக, ஒரே சீராக, கடக் கடக்கென்று ஏறி இறங்கின. பையன் பூரித்துப்போனான். "பாத்தீங்களா, ஒரே மூச்சு! இதுதான் ஃபீல்!" என்றான். அந்த ஃபீலோடு எழுந்து பாடினோம். முன்பைவிட வேகமாகப் போனது. அவன் எங்களைப் போனில் பதிவு செய்து கேட்டுப் பார்த்தான். அதற்குள் அவனுக்கும் தறிச் சத்தம் பழகிப்போயிருந்தது. பாட்டுக்கு அடியில் ஏதோ அடிக்கிறது, போன் கெட்டுவிட்டது என்று கடையநல்லூர்த் தம்பியிடம் பழுது பார்க்கக் கொடுத்தான். தம்பி அதைப் பிரித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று மூடிக் கொடுத்தான். மூடியபிறகு அது பேசவே இல்லை. பையனும் பிறகு எங்களோடு பேசவில்லை.

இதற்கிடையில் மதினியின் காது இன்னும் கொஞ்சம் போயிருந்தது. அண்ணாச்சிக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது, சர்க்கரை ஏறியது. சாப்பாட்டைக் குறையுங்கள் என்று நான் சொன்னால், "கச்சேரி ஒண்ணு நடந்துட்டா தானா எறங்கிரும்" என்றார். எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. அவரை ஏமாற்றிவிடுவோமோ என்ற பயம் ஊசி குத்தும்போதுகூட எனக்கு இருந்தது.

ஒரு நாள் காலையில் அவர் பேப்பரும் கையுமாகப் பரிசோதனை நிலையத்துக்குள் ஓடிவந்தார். நான் ஒருவர் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். "தங்கச்சி! கரண்ட் கட்டு!" என்றார், லாட்டரி விழுந்தவர்போல. மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு வேலைக்காக ஊரில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். காலையில் போனால் மதியத்துக்கு மேல்தான் வரும். எந்த ஊர்க்காரனும் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு மாவாட்டத்தான் ஓடுவான். அண்ணாச்சிக்கு அதில் வேறொன்று தெரிந்தது. அன்றைக்குத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. மதினியின் காதுக்கும் அவர் குரலுக்கும் நடுவில் ஒன்றும் இருக்காது.

"அடுத்த மாசம் கட்டுக்குக் கச்சேரி. தறிக்கூடத்துலயே வச்சுக்கிடுவோம். மைக்கு வேண்டாம், லைட்டு வேண்டாம், பேன் வேண்டாம்."

"பேன் வேண்டாம்னு நீங்க சொல்லப்படாது அண்ணாச்சி, வந்து உக்காருதவங்க சொல்லணும்" என்றேன். அவர் காதில் விழவில்லை.

மூன்றாவது கெஸ்டைத் தேடிப் பிடித்தோம். நாகர்கோவில் பக்கத்தில் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவர். சின்ன உருவம், பெரிய கைப்பை, முழங்கால் வலி. கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து இறங்கினார். தெருவுக்குள் நுழைந்ததுமே கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். "எனக்கு இந்தத் தறிச் சத்தம் ஆவாது மக்களே. நீங்க பாடுங்க, நான் கைகாட்டுதேன்."

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாட்டு நடத்துகிறவரை நான் அன்றுதான் பார்த்தேன். ஆனாலும் அவருக்குக் கண் கூர்மை. நாங்கள் பாடி முடித்ததும், "உங்க வாயப் பாத்தா தாலாட்டு பாடுதமாதிரி இல்ல, தீயணைக்கப் போறமாதிரில்லா இருக்கு" என்றார். முதல் கெஸ்ட் சொன்னதையே இவரும் சொன்னதில் எனக்கு எரிச்சல். ஆனால் இவர் கோபப்படவில்லை. நாளை மறுநாள் தறிச் சத்தமில்லாமல் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

மின்தடை நாளும் வந்தது. காலையில் ஒரே நொடியில் தெரு முழுக்க நின்றது. எனக்கு ஒரு கணம் நெஞ்சே நின்றதுபோல் இருந்தது. காக்கை கத்துவது கேட்டது. யாரோ மாடியில் துணி உதறுவது கேட்டது. எங்கள் தெருவில் இத்தனை சத்தம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.

தறிகளுக்கு நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். தறித் தொழிலாளிகள், அவர்கள் வீட்டுக்காரர்கள், டீச்சரின் பழைய மாணவிகள் என்று கூடம் நிறைந்துவிட்டது. எல்லாரும் பழைய கல்யாணப் பத்திரிகைகளால் விசிறிக்கொண்டார்கள். முன்வரிசையில் நடுவில் மதினி, பட்டுச்சேலையில். தன் தறியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் கெஸ்டுக்கு மரியாதை. எங்கள் ஊரில் வந்தவரை வெறும் கழுத்தோடு அனுப்புவது பாவம். அதுவும் நெசவு ஊரில் துண்டுக்கா பஞ்சம்? தறி வைத்திருக்கிற ஒவ்வொரு குடும்பமும் தன் தறியில் நெய்த துண்டைக் கொண்டுவந்து போர்த்தியது. ஒருவர் போர்த்தியதை எடுத்தால் அவருக்கு மனவருத்தம் என்பதால் எதையும் எடுக்கவில்லை. கடைசியில் கெஸ்டின் மூக்குக்கண்ணாடி மட்டும் வெளியே தெரிந்தது. "கைய மட்டும் விடுங்க மக்களே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நானும் தம்பியும் சேர்ந்து அவருடைய வலதுகையைத் தோண்டி வெளியே எடுத்தோம்.

அந்தக் கை மேலே போனது. இறங்கியது. யாரும் தொடங்கவில்லை.

கெஸ்ட் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். மறுபடி கை உயர்ந்து இறங்கியது. எல்லாரும் எதற்கோ காத்திருந்தோம். எதற்கென்று எங்களுக்கே தெரியவில்லை. மூன்றாவது முறை டீச்சர் பொறுக்கமுடியாமல் தொடங்கிவிட்டார். தம்பி அவரைத் துரத்தினான். நான் தம்பிக்குப் பின்னால். அண்ணாச்சி "ஆரோ" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அடுத்த ஆரோவை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுவிட்டார். டீச்சர் முதல் அடியை முடித்தபோது நான் அதன் நடுவில் இருந்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். மதினி மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். என் வலதுகால் தானாகத் தரையைத் தேடிக்கொண்டிருந்தது. தரையில் ஒன்றும் இல்லை. கடக் கடக்கென்ற அந்த அடி இல்லை. "தறி" என்றேன், சத்தமாகவே.

"என்னது?" என்றார் கெஸ்ட், துண்டுகளுக்குள்ளிருந்து.

"தறி நின்னுபோச்சும்மா. அது ஓடுனாத்தான் எங்களுக்குப் பாட்டு வரும்போல."

அவர் பஞ்சைத் தேடிக் காதைத் தொட்டார். இன்றைக்குப் பஞ்சு இல்லை. சுற்றிலும் நின்றுபோயிருந்த தறிகளைப் பார்த்தார். "அப்ப இத்தன நாளும் உங்கள நடத்துனது இந்த மிசினா?" என்றார். கறுப்புக் கோட்டுப் பெரியவரையும் செருப்பில்லாத பையனையும் நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது. பாவம், இரண்டு பேரும் தறியோடு போட்டிபோட்டுத் தோற்றிருக்கிறார்கள். அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

அண்ணாச்சி, மடித்து அடுக்கியிருந்த சேலைக் கட்டுகளின் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "தறி ஓடுனா நமக்குப் பாட்டு வரும், அவளுக்குக் கேக்காது. தறி நின்னா அவளுக்குக் கேக்கும், நமக்குப் பாட்டு வராது. எந்தலையெழுத்தப் பாத்தியா தங்கச்சி" என்றார். அறுபது வயதுக்காரர் எல்லாருக்கும் முன்னால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்த கூட்டமும் அடங்கிவிட்டது.

கெஸ்ட் ஒவ்வொரு துண்டாக உருவி நாற்காலியில் போட்டார். யார் மனம் வருந்தினாலும் பரவாயில்லை என்று போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சிக்கு முன்னால் வந்து நின்றார்.

"எழும்புங்க. இன்னைக்கு நீங்கதான் தறி."

"நானா? எம் பங்குல மூணு சொரந்தான இருக்கு."

"தறிக்கு மூணுகூடக் கெடையாது. நீங்க தொடங்குங்க, உங்க மூச்சுக்குத் தக்கன மெதுவாப் போங்க. இவங்க உங்க பின்னாடி வருவாங்க."

அண்ணாச்சி எழுந்தார். கையைப் பின்னால் கட்டி விரல்விட்டு எண்ணிக்கொண்டே, "ஆரோ" என்றார். விட்டார். எண்ணினார். "ஆரோ." கொஞ்சம் தள்ளி மறுபடி "ஆரோ." அது பாட்டாகவே இல்லை. ஏதோ கிணற்றிலிருந்து நீர் இறைப்பதுபோல் இருந்தது. ஆனால் சீராக இருந்தது. நான் அவர் தோளைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தேன். தம்பி நுழைந்தான். கடைசியாக டீச்சர் மேலேயிருந்து மெல்ல இறங்கி வந்து சேர்ந்துகொண்டார். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அந்தப் பாட்டு தாலாட்டாக இருந்தது. கடைசிச் சொல்லில் நாலு குரலும் ஒரே இடத்தில் வந்து நின்றன. யாரும் யாரையும் இடிக்கவில்லை. நாங்கள் இவ்வளவு நன்றாகப் பாடுவோம் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கைதட்டல் அடங்குவதற்குள் அண்ணாச்சி மதினிக்கு முன்னால் போய் நின்றார். வாயை நன்றாகத் திறந்து, "கேட்டுச்சா?" என்றார்.

மதினி எழுந்து நேராக எங்களிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"ஏட்டி, நீங்கள்லாம் என்னத்துக்கு நிக்கிய?" என்று என்னைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். "இவரு ஒத்த மனுசன் கெடந்து பாடுதாரு. நீங்க அத்தன பேரும் வாய மட்டும் அசைச்சிக்கிட்டு நிக்கிய. டீச்சர், படிச்ச நீங்களே இப்படிச் செய்யலாமா? ஆளுக்குக் கொஞ்சம் பாடுனா கொறஞ்சா போவிய?"

டீச்சர் அன்று தொட்ட உச்சம் அடுத்த தெரு வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது, பரிசோதனை நிலையத்து டாக்டர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். தறிச் சத்தம் தின்கிற காதில் மெல்லிய உயரமான சத்தங்கள்தான் முதலில் போகும், கட்டைக் குரல் கடைசிவரை நிற்கும். எங்கள் குரல்கள் மதினியின் காதை விட்டு எப்போதோ போயிருந்தன. அவர் கேட்டது மூன்று சுரமும் ஒரு சொல்லும்தான். முழுக் கச்சேரியிலும் அவருக்கு அண்ணாச்சி குரல் மட்டும்தான் கேட்டிருக்கிறது.

அண்ணாச்சிக்கும் அது புரிந்தது. சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார். மதினி அவர் பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொருக்கப் பாடுங்க. கரண்டு வந்துரும்."

கெஸ்ட் எங்களைக் கூட்டமாகப் பக்கத்தில் இழுத்தார். "இந்த மட்டம் யாரும் பாடாதீங்க. அந்த அம்மாவுக்கு அவரு கொரல் மட்டுந்தான கேக்கு, அவரே பாடட்டும். வாய அசைங்க, போதும்" என்று எங்கள் காதுக்குள் சொன்னார். டீச்சரைப் பார்த்தேன். யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதவர் அவர். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சரி என்று தலையாட்டினார்.

அண்ணாச்சி தொடங்கினார். "ஆரோ." நாங்கள் நுழைய வேண்டிய இடத்தில் நுழைந்தோம், சத்தமில்லாமல். தம்பி கண்ணை மூடி உருகினான். டீச்சர் உச்சத்தில் புருவத்தை எல்லாம் தூக்கினார். ஒரு மூச்சுக்கூட வெளியே வரவில்லை. அண்ணாச்சி பாதியில் தெரிந்துகொண்டார். பக்கவாட்டில் என்னைப் பார்த்தார், கழுத்து சிவந்தது, ஒரு ஆரோ நடுங்கியது. நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். மதினி முன்னால் குனிந்து, கையைக் காதுக்குக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மதினியைப் பார்த்தார். பிறகு பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து, நெஞ்சை நிமிர்த்தி, இருக்கிற மூன்று சுரத்தையும் கூடம் அதிரப் பாடினார்.

முடிந்ததும் மதினி எங்களுக்குத்தான் முதலில் கைதட்டினார். "பாத்தியளா?" என்றார், எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து. "எல்லாரும் சேந்து பாடுனா எவ்வளவு நல்லா இருக்கு!"